பழைய காரில் துரு, இறுகிப்போன நட்டு: களியக்காவிளைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800. வீடு குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, களியக்காவிளைக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவே, கடற்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும் தூரத்தில். நான் மெக்கானிக் இல்லை. இந்த வண்டியை ஓட்டுகிற வரைக்கும் ஓட்டிவிடுவது என்று முடிவெடுத்தவன், அவ்வளவுதான். அண்டை வீட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

மதுரையில் இருக்கும் என் மச்சான் வண்டியும் என் வண்டியும் ஒரே வருஷம் வாங்கியது. அவனுடையதில் துருவே இல்லை. என்னுடையது மட்டும் ஏன் இப்படி?

மச்சான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும். உப்பும் கூடவே இருந்தால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். மதுரையில் வண்டி நனைந்தால் மறுநாள் காய்ந்துவிடும். நமக்கு இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) ஒரு மழை, துலா மாதத்தில் (ஐப்பசியில்) இன்னொரு மழை. நடுவில் காயவே விடாத காற்று.

கடல் உப்பில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சமையலறை உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். நம் கரையில் காற்று அவ்வளவு வறண்டு போகிற நாள் அபூர்வம். ஆகவே வண்டிக்கு அடியில் படிந்த உப்பு, நீங்கள் காய்ந்துவிட்டது என்று நினைக்கிற நாளிலும் ஈரமாகவே இருக்கும்.

ஒரு வார்த்தை விளையாட்டும் சொல்லிவிடுகிறேன். பாறசாலையில் மெக்கானிக் 'துரும்பு' என்றால் நாம் வைக்கோல் துரும்பை நினைத்துக்கொள்வோம். மலையாளத்தில் அதுதான் துரு. முதல் தடவை அவர் "அடியில் முழுக்கத் துரும்பு" என்றபோது, நான் வண்டிக்கடியில் குப்பை சேர்ந்திருக்கிறது என்று நினைத்துத் துடைப்பம் எடுத்தேன்.

மழையில் ஓட்டாமல் இருந்தால் போதுமா?

போதாது. வண்டியைக் கெடுப்பது மேலே விழுந்து வழிந்தோடும் தண்ணீர் இல்லை, உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும் தண்ணீர்.

கார் செய்தவர்கள் இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். கதவின் அடிவிளிம்பில் விரல்நுனி அகலத்தில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது மண்ணாலும் பழைய பெயின்ட்டாலும் அடைத்துக்கொண்டால் கதவு ஒரு வாளி. கதவை ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் இன்றைக்கே ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.

அடுத்தது முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளம். ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது அந்தப் பள்ளத்தில் ஒரு கூடை இலை சேரும். அது மக்கிச் சேறாகி, தண்ணீர் போகும் வழியை அடைக்கும். தண்ணீர் அப்புறம் உள்ளே இறங்கிக் கால் வைக்கிற இடத்துக்கு வரும்.

கால் வைக்கிற இடம் என்றதும் நினைவுக்கு வருகிறது: மேட்டை மட்டும் எடுத்து உதறினால் போதாது. மேட்டுக்குக் கீழே கார்ப்பெட், அதற்குக் கீழே பஞ்சு. அந்தப் பஞ்சு ஒரு தடவை நனைந்தால் மாதக்கணக்கில் காயாது. என் வண்டியில் டிரைவர் பக்கத் தகடு மேலிருந்துதான் அரித்தது, அடியிலிருந்து இல்லை. கையை உள்ளே விட்டு அமுக்கிப் பாருங்கள். ஈரம் தட்டினால் கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் போடுங்கள்.

ஸ்டெப்னி கிடக்கும் குழி, பாட்டரித் தட்டு, சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்மடிப்பு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். எங்கே மண் தங்குகிறதோ அங்கே ஈரம் தங்கும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்?

மேலே எப்போது வேண்டுமானாலும் கழுவுங்கள், அது அழகுக்கு. அடிப்பக்கம்தான் முக்கியம். நீரோடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரைச் சாலையில் போய் வந்தால் அன்றைக்கோ மறுநாளோ ஓஸ் பைப்பை அடியில் விட்டு அடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு வாட்டர் சர்வீஸ். ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் கோடையில் உப்பு ஏறும். அந்தத் தண்ணீரால் கழுவுவதற்குக் கழுவாமலே இருக்கலாம்.

கரி ஆயிலை அடியில் அடித்தால் துரு வராது என்கிறார்களே?

எங்கள் அப்பா காலத்து வைத்தியம் அது. முழுக்கப் பொய்யும் இல்லை. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை தண்ணீர் தகட்டைத் தொடாது. ஆனால் இன்ஜினில் ஓடிக் கழிந்த ஆயிலில் அமிலமும் கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும். ரப்பர் புஷ்ஷிலும் பிரேக் ஓஸிலும் பட்டால் அவை உப்பி இளகிப்போகும். பிரேக் ஷூவில் பட்டாலோ கேட்கவே வேண்டாம். முதல் மழையில் பாதி ஒழுகி உங்கள் முற்றத்துக்கும் அப்புறம் கிணற்றுக்கும் போகும். நான் செய்வதில்லை.

மீனெண்ணெய் அதைவிடத் தேவலை. கரையில் வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். காற்றுப் பட்டுக் காய்ந்து மெல்லிய தோலாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நாற்றம் இரண்டு வாரம் போகாது. பக்கத்து வீட்டுப் பூனைகள் உங்கள் வண்டிக்கடியில் குடியேறும். வீட்டில் அனுமதி வாங்கிவிட்டு முடிவெடுங்கள்.

தேங்காயெண்ணெயைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அது தலைக்கு.

அப்படியானால் அண்டர் கோட்டிங் அடித்துவிடலாமா?

புது வண்டி என்றால் தாராளமாக. பழைய வண்டி என்றால் அடிக்கிற ஆள் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் என் வண்டிக்கு அடித்தார்கள். காலையில் விட்டேன், மதியம் கருகருவென்று பளபளப்பாகத் திரும்பி வந்தது. மனசு நிறைந்துவிட்டது. இரண்டு மழைக்காலம் கழித்து ஜாக்கி வைத்துத் தூக்கியபோது ஜாக்கி தகட்டுக்குள் புகுந்துவிட்டது. நடந்தது இதுதான்: துருவைச் சுரண்டாமல், வாட்டர் சர்வீஸ் செய்த ஈரம் காயாமல், அதன்மேலேயே தார் மாதிரிக் கெட்டியான கோட்டிங்கை அடித்துவிட்டார்கள். வெளியிலிருந்து தண்ணீர் போகாது, சரி. உள்ளே மாட்டிய ஈரமும் வெளியே வராது. கோட்டிங் எங்காவது ஒரு கல் பட்டு விரிந்தால் அந்த வழியாக உப்புத் தண்ணீரும் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளும். மேலே பார்த்தால் மினுமினுப்பு, உள்ளே அப்பளம்.

சரியான வரிசை: கழுவுவது, இரண்டு மூன்று நாள் வெயிலில் முழுக்கக் காய விடுவது, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டுவது, பிரைமர், அதற்கப்புறம்தான் கோட்டிங். பழைய வண்டிக்கு என் விருப்பம் காய்ந்து ஓடாகிற ரப்பர்த் தார் வகை இல்லை, இளக்கமாகவே இருக்கிற மெழுகு வகை. விரிசல் விடாது, கீறினாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். வருஷம் ஒரு தடவை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், அதுதான் குறை. பெட்டித் தகட்டின் உட்புறத்துக்கும் நீளக் குழாய் வைத்து அதே மெழுகை அடிக்கலாம். வடிகால் ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.

துரு வந்தே விட்டது. டிங்கரிடம் (தகடு வேலை செய்பவரிடம்) போகாமல் நானே ஏதாவது செய்ய முடியுமா?

ஸ்குரூ டிரைவரின் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெல்டிங்தான். அதன்மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தேய்த்துப் பெயின்ட் அடிப்பது காசைக் கரைக்கும் வேலை.

குத்து தாங்கினால் நீங்களே பார்க்கலாம். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் எடுங்கள். குழிக்குள் மிச்சமிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். பூசிக் கொஞ்ச நேரத்தில் செம்பழுப்புத் துரு கருநீலக் கறுப்பாக மாறும். மந்திரம் இல்லை. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் கறுப்பு தண்ணீரில் எளிதில் கரையாது, மேலே பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது மட்டும் போதாது. மேலே பிரைமரும் பெயின்ட்டும் கண்டிப்பாக வேண்டும்.

கழற்றி எடுக்க முடிகிற சின்ன போல்ட், கிளிப் என்றால் வினிகரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள். காலையில் பிரஷ் போட்டால் துரு கழன்று வரும். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தொடுங்கள். அலசி அப்படியே வைத்தால் மத்தியானத்துக்குள் திரும்பத் துரு பூக்கும்.

டிக்கியில் மீன் கொண்டுவரலாமா? ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் கேன்?

சாளை வாங்கிப் போகிற ஐஸ் பெட்டி ஒழுகினால் அது உப்புத் தண்ணீர். ஸ்டெப்னிக் குழியில் போய்த் தேங்கும். ஒரு பிளாஸ்டிக் டிரேயை நிரந்தரமாக டிக்கியில் போட்டுவிடுங்கள், தீர்ந்தது.

ஆசிட்டுக்கு வண்டியே வேண்டாம். அது பார்மிக் அமிலம். மூடி கொஞ்சம் லூசாக இருந்தால் ஆவியே தகட்டைப் பதம் பார்க்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணையும் தொண்டையையும் விடாது. ஆட்டோவின் பின்பக்கமோ திறந்த டெம்போவோ நல்லது. ஏற்கெனவே சிந்திவிட்டது என்றால் நிறையத் தண்ணீர் விட்டு, சோடா மாவு தூவி, நுரை அடங்கும்வரை கழுவுங்கள்.

சைலன்சர் போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

அவசரப்படாமல் இருக்க வேண்டும், அதுதான் முதல் கருவி. இரும்பு துருவாகும்போது அது பிடிக்கும் இடம் பெருகும், ஆறு மடங்கு வரைகூட. மரைக்குள் அவ்வளவு இடம் ஏது? அதனால்தான் நட்டும் போல்ட்டும் ஒன்றாகிவிட்டது போல இறுகுகிறது.

முந்தின நாள் சாயங்காலமே கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துவிட்டு, துருவுக்குள் ஊடுருவுகிற எண்ணெயை அடியுங்கள். காலையில் இன்னொரு தடவை. கடையில் வாங்கலாம். சில ஒர்க் ஷாப்புகளில் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற, சிவப்பாக இருக்கும் ஏடிஎஃப் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து வைத்திருப்பார்கள், அதுவும் நன்றாக வேலை செய்யும். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும், பீடி புகைக்கிற ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெயின்ட்டிலும் படக் கூடாது.

எல்லாரும் கையில் வைத்திருக்கும் டபிள்யூடி-40 பற்றியும் சொல்ல வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் ராக்கெட் உலோகத்தில் ஈரம் தங்காமலிருக்கச் செய்தது அது. தண்ணீரை விலக்குவதற்கான நாற்பதாவது முயற்சி என்பதுதான் பெயரே. நனைந்ததை உலர்த்த அருமையானது. ஆனால் கதவுக் கீலுக்கு அதை மட்டும் அடித்துவிட்டுக் கிரீஸ் போடாமல் விட்டால், இருந்த பழைய கிரீஸையும் கழுவிவிட்டுப் போய்விடும்.

சரி, போல்ட்டுக்கு வருவோம். ஆறு முனை சாக்கெட் எடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட், துருவில் மெலிந்த தலையை வழித்துவிடும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு திருப்புங்கள், அப்புறம் கழற்றுகிற பக்கம். 'கிரிச்' என்று ஒரு சத்தம் வந்தால் பாதி வெற்றி. அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், கால் சுற்று வெளியே, எண்ணெய், அரைக்கால் சுற்று உள்ளே, இப்படியே. தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டினாலும் துரு விரிசல் விட்டு எண்ணெய் இறங்கும்.

அதற்கும் மசியாவிட்டால் நட்டைச் சூடாக்க வேண்டும். நட்டு விரிந்து பிடி விடும். ஆனால் எண்ணெய் ஊற்றிய இடத்தில், பெட்ரோல் குழாய் பக்கத்தில் தீ காட்டுவது வீட்டில் செய்கிற வேலை இல்லை. அதை ஒர்க் ஷாப்பில் செய்யட்டும். போல்ட் உடைந்தே போனாலும் மார்த்தாண்டத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வேண்டும். இல்லையென்றால் படுக்கவே வேண்டாம்.

வீல் நட்டு இறுகாமல் இருக்கக் கிரீஸ் தடவலாமா?

வேண்டாம். மரை வழுக்கினால் அதே பலத்துக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகும், ஸ்டட் (நட்டு ஏறுகிற மரைக் கம்பி) நீண்டு உடையலாம். மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து காய்ந்தபடியே போடுங்கள். சக்கரமே டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது என்றால், சக்கரத்தின் நடு ஓட்டை உட்காரும் விளிம்பில் மட்டும் மிக மெல்லிசாகக் காப்பர் கிரீஸ் தடவலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சக்கரங்களைக் கழற்றி இடம் மாற்றிப் போடுகிற ஆளுக்கு இந்தப் பிரச்சினையே வராது.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது. சக்கரம் தொட்டால் கொதிக்கிறது.

முன்சக்கரம் என்றால் பெரும்பாலும் காலிப்பர் (பிரேக் கட்டையை அழுத்துகிற பாகம்) நகர்வதற்கான 'பின்' என்கிற கம்பி இறுகியிருக்கும், அல்லது உள்ளே பிஸ்டன். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் போட்டு, கிழிந்த ரப்பர் உறையை மாற்ற வேண்டும். சாதாரண கிரீஸ் அந்த ரப்பரை உப்ப வைத்து மறுபடியும் இறுக்கிவிடும்.

பிஸ்டன் துருப்பிடிக்கக் காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ஆயில் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும். பிரேக்கை நீங்களே பிரித்துப் பழக வேண்டாம்.

நான் கல்ஃபில் வேலை பார்க்கிறேன். வண்டி பத்து மாதம் வீட்டில் நிற்கும். அம்மாவிடம் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன். போதுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. போதாது என்பது மட்டுமில்லை, கெடுதல்கூட. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓட்டி அணைத்தால் சைலன்சர் சூடாகாது, அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கிக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். இன்ஜின் ஆயிலிலும் ஈரம் சேரும். பாட்டரியும் செலவழித்ததைத் திரும்பப் பெறாது.

அம்மா சாவியைத் திருகுவதற்குப் பதில், ஓட்டத் தெரிந்த தம்பியோ மருமகனோ பத்து நாளைக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டட்டும். குழித்துறை வரை போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். அந்த ஓட்டத்தில் எல்லாவற்றையும் அசைக்கச் சொல்லுங்கள். நாலு கண்ணாடியும் இறக்கி ஏற்ற வேண்டும், நாலு கதவும் திறந்து மூட வேண்டும், சாவி ஓட்டை உள்ள கதவையும் டிக்கியையும் சாவி போட்டே திறக்க வேண்டும், ஏசி பத்து நிமிஷம், வைப்பர், ஹேண்ட் பிரேக், எல்லாக் கியரும். அசையாதது இறுகும்.

ஓட்ட ஆளே இல்லை என்றால்: நன்றாகக் கழுவிக் காய வைத்து, ஆயில் மாற்றி, பாட்டரி ஒயரைக் கழற்றி, டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாக அடித்து, சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். பத்து மாதத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூட வேண்டாம். மண்ணிலிருந்து எழும் ஈரம் அதற்குள் வியர்க்கும். கூரை இருந்தால் மூடாமலே விடலாம், இல்லையென்றால் காற்றுப் போகிற துணிக் கவர்.

திரும்பி வந்து பார்த்தால் இன்ஜின் சுற்றவே இல்லை.

பாட்டரி நன்றாக இருந்தும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இளகிச் சுற்றினால், பிளக் போடாமலே ஸ்டார்ட்டரில் சில நொடி சுற்றி மிச்ச ஆயிலை வெளியேற்றிவிட்டு, அப்புறம் பிளக் போட்டுக் கிளப்புங்கள். ஓடியதும் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் கிளட்சை மிதித்தும் கியர் விழவில்லை என்றால் கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கிறது. அது வேறு கதை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் என்ன?

உள்ளிருந்து துரு. கூலன்ட்டில் துருத் தடுப்பு மருந்து இருக்கிறது, அதற்குத்தான் காசு. பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

பாட்டரித் தட்டு அரித்துப்போகிறது.

சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பெயின்ட் அடித்து, அடியில் ரப்பர் ஷீட் ஒன்று வையுங்கள். டெர்மினலை முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். நம் ஊரில் ரப்பர் ஷீட்டுக்கு அலைய வேண்டாம்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பழைய வண்டி விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பாகம், மட்கார்டு விளிம்பு, பின் சக்கரத்தின் முன்பக்கம் என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி. அடியில் புத்தம்புதுக் கறுப்புக் கோட்டிங் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற ஆளிடம் விலை பேச வேண்டாம். கேரள நம்பர் என்றால் அந்த ஆர்டிஓவிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கித் தருவது யார் பொறுப்பு என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் எந்த மாதம் செய்வது?

துலா மழை ஓய்ந்து, பனியும் குறைந்து, வெயில் உறைக்க ஆரம்பிக்கும் பிப்ரவரி, மார்ச். சுரண்டுவது, பிரைமர், மெழுகு எல்லாம் அப்போதே முடிந்துவிட வேண்டும். மே கடைசியில் கடைக்குப் போனால் எனக்கு முன்னால் பதினைந்து வண்டி நிற்கும், வானமும் கறுத்திருக்கும்.